வேர்வையில் முதலிடம்

“ஒரு சொட்டு இல்ல தம்பி. ஒத்தச் சொட்டு இல்ல. நீ சப்பரத்துக்கு அடியில தூக்குறியா, காத்து வாங்குறியா?”

மேஸ்திரி எலாடியோ போனை லெயாந்த்ரோவின் மூக்குக்கு நேரே நீட்டினார். திரையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு எண். லெயாந்த்ரோவுக்கு மட்டும் பூஜ்யம்.

போன வருஷம் பெரிய வியாழன் அன்று, வெல்வெட் துணி தொங்கும் மாதா சப்பரத்தின் அடியில் புகுந்து கழுத்தில் தூக்கியவர்களில் இரண்டு பேர் பாதி வழியில் மயங்கி விழுந்தார்கள். வெயிலுக்குப் பேர்போன எசிஹா ஊரை ஸ்பெயினின் ‘வாணலி’ என்று சும்மாவா சொல்கிறார்கள்? அதனால் இந்த வருஷம் கோயில் சபை எல்லாருக்கும் ஆளுக்கொரு வேர்வைப் பட்டை வாங்கிக் கொடுத்தது. முன்கையில் ஒட்டிக்கொண்டால், உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போகிறது என்று மேஸ்திரியின் போனுக்குச் சொல்லும். அளவு மீறினால் சிவந்து ‘பீப்’ என்று கத்தும். உடனே தண்ணீர் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

ஒரே வாரத்தில் அது பக்தியை அளக்கும் கருவியாகிவிட்டது. யாருக்கு அதிகம் வேர்க்கிறதோ அவருக்கு மாதாமேல் அதிக அன்பு. ஒத்திகை முடிந்ததும் மதுக்கடையில் எலாடியோ எண்களை உரக்க வாசிப்பார். பாஸ்குவலுக்குத்தான் எப்போதும் முதலிடம். அவர் தாடையில் சொட்டும் வேர்வையைத் துடைக்காமலே பீர் குடிப்பார், நாலு பேர் பார்க்கட்டும் என்று.

முன்மாதிரியாக இருக்கட்டும் என்று எலாடியோவும் ஒரு பட்டை ஒட்டியிருந்தார். அது ஒரு நாளும் கத்தியதில்லை. எப்படிக் கத்தும்? அவர் தூக்குகிறவர் இல்லை. கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு சப்பரத்துக்கு முன்னால் நடந்து, எப்படித் தூக்க வேண்டும் என்று சொல்கிறவர். அவர் எண்ணை யாரும் கேட்பதில்லை.

“இடது கையில ஒட்டிக்கட்டுமான்னு முதல் நாளே கேட்டேன் மேஸ்திரி,” என்றான் லெயாந்த்ரோ.

“எல்லாருக்கும் வலது கைன்னா உனக்கும் வலது கைதான். நீ என்ன தனிப் பிறவியா? அவனவன் சட்டையைச் சுருட்டிக்கிட்டு வர்றான். நீ முழுக்கைச் சட்டையில மாப்பிள்ளை மாதிரி வர்ற.”

“எனக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கு மேஸ்திரி. இந்த வருஷம் தூக்கியே ஆகணும்.”

“நேர்த்திக்கடன் இருக்கிறவனுக்கு வேர்க்கும்பா. மெஷின் பொய் சொல்லாது.”

ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் லெயாந்த்ரோ, பெயர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய இடம் அது. ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றதை எலாடியோ பார்த்தார். நடிப்பு என்று முடிவு செய்தார்.

“தண்ணியாவது கொடுக்கிறேனே?”

“தாராளமா. குடம் தூக்கு. அதுக்கு வேர்க்க வேண்டாம்.”

மறுநாள் கடைசி ஒத்திகை. சப்பரத்தில் மாதாவுக்குப் பதில் மணல் மூட்டைகள். லெயாந்த்ரோ நின்ற முன் மூலையைப் பரிசு மாதிரி பாஸ்குவலுக்குக் கொடுத்தார் எலாடியோ. சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டினார்.

“எல்லாரும் ஒண்ணா, ஏய்!”

சப்பரம் எழுந்தது. முன் மூலை மட்டும் எழவில்லை. அடுத்த நொடி மொத்தமும் சாய்ந்து, தடாலென்று தரையில் உட்கார்ந்தது.

எலாடியோ பதறிப்போய், தொங்கும் வெல்வெட் துணியை விலக்கித் தலையை உள்ளே விட்டார். ஆட்கள் அசைய அசைய உள்ளே சரசரவென்று ஒரு சத்தம். பாஸ்குவலின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். இடுப்பிலிருந்து மார்பு வரை, சமையலறையில் மிச்சச் சாப்பாட்டைச் சுற்றி வைக்கும் பிளாஸ்டிக் தாள், சுற்றுச் சுற்றாக.

“என்னய்யா இது?”

“நல்லா வேர்க்கத்தான் மேஸ்திரி,” பாஸ்குவல் முனகினார். “நான் மட்டும் இல்ல, எல்லாரும்தான்.”

மயங்கி விழாமல் இருக்க வாங்கிய கருவிக்காக, மயங்கி விழுவதற்கு வேண்டிய அத்தனையும் செய்திருந்தார்கள்.

“அப்ப இத்தனை நாளா இந்த மூலை மட்டும் எப்படிய்யா எழுந்துச்சு?”

பின்வரிசையிலிருந்து ஒருவர் மெதுவாகச் சொன்னார். “லெயாந்த்ரோ இருந்தா எங்க கழுத்துல பாரமே தெரியாது மேஸ்திரி. அவன் முழுசா நிமிர்ந்து நிப்பான். நாங்க... கொஞ்சம் குனிஞ்சுக்குவோம்.”

எலாடியோ வெளியே வந்தார். தண்ணீர்க் குடத்தோடு லெயாந்த்ரோ நின்றிருந்தான்.

“இதை ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“சப்பரத்துக்கு அடியில நடக்கிறது அடியிலேயே இருக்கணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க.”

“சரி, உனக்கு மட்டும் ஏன் வேர்க்கல? சட்டையைச் சுருட்டு.”

லெயாந்த்ரோ தயங்கினான். பிறகு வலது கைச் சட்டையைச் சுருட்டினான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, உருகி உறைந்த மெழுகு மாதிரி தோல்.

“அடுப்புல வெந்தது மேஸ்திரி. தொடைத்தோலை எடுத்து வெச்சுத் தைச்சாங்க. எல்லா வேலையும் செய்யும், வேர்க்க மட்டும் வேர்க்காது. இந்தக் கை பிழைச்சா மாதாவைத் தூக்குறேன்னுதான் வேண்டிக்கிட்டேன்.”

எலாடியோ டையைத் தளர்த்தினார். நெற்றியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

“உன் இடத்துக்குப் போப்பா,” என்றார் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் ‘பீப்’ என்று ஒரு சத்தம். எல்லாரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். யாருடையதும் இல்லை. கோட்டுக் கைக்குள்ளிருந்து சிவப்பாக மின்னியது மேஸ்திரியின் பட்டை.

லெயாந்த்ரோ ஒரு குவளை நிறையத் தண்ணீர் ஊற்றி நீட்டினான்.

“குடிங்க மேஸ்திரி. மெஷின் பொய் சொல்லாது.”