ஒத்துப்போகாத இருவர் தேவை

"உங்களுக்கு ஈவிரக்கமே கிடையாதா அண்ணே? அவங்களுக்கு விவாகரத்து ஆகிப் பத்து நாள்கூட ஆகல. அதுக்குள்ள ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உட்கார வைக்கறீங்களே!"

இயக்குநர் எசென்குல்லின் முகத்துக்கு நேரேயே கேட்டுவிட்டாள் ஜிப்பார்.

அவர் உலர்ந்த ஆப்ரிகாட்டை மென்றுகொண்டே, "விதியைப் படிச்சியா நீ?" என்றார்.

தலைநகர் பிஷ்கெக்கில் ஆஸ்பத்திரி, கல்லூரி, பேங்க் என்று இருநூறு வலைத்தளப் பெயர்களைப் பராமரிக்கிற அலுவலகம் அது. ஒருவர் ஆஸ்பத்திரியின் பெயரைத் தட்டினால், எவனோ நடுவில் புகுந்து போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிடாமல் இருக்க, பெயர்களுக்கெல்லாம் முத்திரை போடும் ஏற்பாட்டை அப்போதுதான் கொண்டுவந்திருந்தார்கள். டிஎன்எஸ்செக் என்பார்கள்.

முத்திரை போடும் பெட்டியைத் திறக்க இரண்டு கார்டு வேண்டும். அவற்றை வைத்திருப்பவர்கள் உறவினர்களாகவோ ஒரே வீட்டுக்காரர்களாகவோ இருக்கக் கூடாது.

"கூட்டுச் சேர்ந்து தப்புப் பண்ணாத ரெண்டு பேர் வேணும் ஜிப்பார். பெர்மெத்தும் தாலாயும் கூட்டுச் சேருவாங்களா?"

"ஜென்மத்துக்கும் மாட்டாங்க."

"அப்புறம் என்ன?"

தாலாய் தப்பிக்கப் பார்த்தான். வேலையை விட்டுவிட்டு, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி நாரினில் வாத்தியார் வேலைக்குப் போனான். எசென்குல் விடவில்லை.

"எங்க வேணா போ. கார்டு உன்கிட்டதான் இருக்கும். முத்திரைக்கு ஒரு மாசம்தான் ஆயுசு. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை இங்க நிக்கணும்."

நின்றான். அவனும் பெர்மெத்தும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் நிற்பார்கள். ஜிப்பார் ஒவ்வொரு படியாக வாசித்து, நடப்பதைக் குறிப்பேட்டில் எழுதுவாள்.

"கார்டு ஒன்று தயாரா?"

"இது எப்பவும் தயார். ரெண்டாவதைக் கேளு. கல்யாணத்துக்கே ஒன்றரை மணி நேரம் லேட்டா வந்த கார்டு அது" என்பாள் பெர்மெத்.

"வராமலே இருந்திருக்கலாம்" என்பான் தாலாய்.

மூன்று எண்ணியதும் இருவரும் ஒன்றாகச் செருக வேண்டும். அவன் இரண்டிலேயே செருகுவான். அவள் நாலில்.

"அவசரம், எதுலயும் அவசரம். உங்களுக்கு எண்ணத் தெரியாதா?"

"உங்க நாலு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தது?"

விவாகரத்துக்குப் பிறகு இருவரும் 'நீங்க'தான். அந்த மரியாதையைக் கேட்கவே ஜிப்பாருக்குக் காது கூசும். சில நாள் ஏழெட்டுத் தடவை எண்ண வேண்டியிருக்கும். "இவங்களை வதைக்கிறது போதாதுன்னு என்னையும் வதைக்கிறார்" என்று இயக்குநரைத் திட்டியபடியே எழுதுவாள்.

இரண்டாவது குளிர்காலம். ஜனவரிக் கடைசி வெள்ளி. முத்திரை நாலு மணிக்குக் காலாவதி. அதைத் தாண்டினால் பிரசவ ஆஸ்பத்திரியின் பக்கம்கூட யாருக்கும் திறக்காது.

மூன்று மணி ஆகியும் தாலாய் வரவில்லை. நாரினிலிருந்து வரும் வழியில், தொலோன் கணவாயில் பனி விழுந்து பாதை அடைபட்டுவிட்டதாம். அவன் போன் எடுக்கவில்லை.

"வரமாட்டார். இது நமக்குப் புதுசா?" என்றாள் பெர்மெத். சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போனாள். உட்கார்ந்தாள். மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

"பனிச்சரிவு ஏதாவது..." என்று ஆரம்பித்தாள் ஜிப்பார்.

"வாயை மூடு!"

மூன்று நாற்பதுக்குக் கதவு திறந்தது. கரி பூசிய ஒரு உருவம் உள்ளே வந்தது. பல் மட்டும்தான் வெள்ளை.

"பஸ் கணவாய்லயே நின்னுடுச்சு. நடந்து கீழ இறங்கிட்டேன். கீழ கோச்கோர் ரோட்டுல ஒரு நிலக்கரி லாரி ஏத்திக்கிச்சு" என்றான் தாலாய். காது இரண்டும் கன்றிப்போயிருந்தன.

"உனக்கு அறிவிருக்கா? தொப்பி எங்க?" என்று கத்தினாள் பெர்மெத்.

ஜிப்பாரின் பேனா நின்றுவிட்டது. உனக்கா?

"பஸ்ல ஒரு குழந்தை குளிர்ல அழுதுச்சு. குடுத்துட்டேன்."

பெர்மெத் தன் கம்பளிச் சால்வையை உருவினாள். கரியோடு சேர்த்து அவன் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"இதைக் கழட்டினே, கொன்னுடுவேன்."

"செருகலாமா? பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு" என்றாள் ஜிப்பார். ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கார்டும் ஒரே சத்தத்தோடு உள்ளே போயின.

ஏப்ரலில் இருவரும் ஒரு தட்டு நிறைய போர்சோக் என்ற விசேஷப் பலகாரம் பொரித்து எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு வந்தார்கள். ஜிப்பாரும் அங்கே இருந்தாள்.

"அண்ணே, நான் கார்டைத் திருப்பித் தரணும்" என்றாள் பெர்மெத், தரையைப் பார்த்தபடி.

"ஏன்?"

"விதி இருக்குல்ல... புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர்கிட்டயும் இருக்கக் கூடாதே."

தாலாயின் கன்றிய காது இன்னும் சிவந்தது.

"நல்லா நடந்துட்டிருந்த வேலையைக் கெடுத்துட்டீங்களே!" என்று எசென்குல் எரிந்து விழுந்தார். "போங்க, போங்க. இனி நான் ஆள் தேடணும்."

அவர்கள் சிரித்துக்கொண்டே வெளியேறினார்கள். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"ஜிப்பார், இதைக் கோப்புல சேர்த்துடு."

தட்டச்சு செய்து, கையெழுத்தும் போட்ட உத்தரவு. ஜிப்பார் படித்தாள்.

'பெர்மெத் வைத்திருந்த கார்டு இனி ஜிப்பாரிடம் ஒப்படைக்கப்படுகிறது. முத்திரைச் சடங்கு இனி மாதாமாதம் தேவையில்லை. முத்திரையின் ஆயுசு மூன்று மாதமாக நீட்டப்படுகிறது; மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.'

கீழே தேதியைப் பார்த்தாள்.

பெர்மெத்தையும் தாலாயையும் கார்டுக்கு நியமித்த அதே நாள்.