லீவு கிடைக்காதவள்

“எனக்கு லீவு கிடைக்கல.”

பெரியவள் இதைச் சொன்னதும் சாப்பாட்டு மேஜையில் பேச்சு நின்றது.

தட்டுகளுக்கு நடுவே டிராவல்ஸில் கொடுத்த வழவழப்பான தாள்கள். பனிமலை, ஏரி, மரவீடு. அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் சேர்ந்து போகப்போகும் முதல் வெளிநாட்டுப் பயணம். பிள்ளைகள் நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து பேசிவந்த பயணம். போன வருஷமும் இதே மேஜையில், இதே வார்த்தையால்தான் நின்றது.

“மறுபடியுமா அக்கா?” என்றாள் சின்னவள், தம்பியின் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வைத்திருந்தாள்.

“என்னம்மா பண்றது? வார்டுல ஆள் இல்ல. நீங்கள்லாம் போயிட்டு வாங்க.” அண்ணனின் மனைவியான பெரியவள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ்.

“அதெல்லாம் முடியாது” என்றான் தம்பி. தீயணைப்புப் படையில் அதிகாரி. “போனா எல்லாரும் போறோம். இல்லேன்னா யாரும் போகல. ஆனா ஒண்ணு அண்ணி, உங்களுக்குக் குடும்பத்தைவிட ஆஸ்பத்திரிதான் பெரிசாப் போச்சு.”

பெரியவள் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார்.

அன்று படுக்கும்வரை சின்னவள் புலம்பித் தீர்த்தாள்.

“நீங்க என்னடான்னா அவங்க வந்தாதான் வருவேன்னு உசிரை விடறீங்க. அவங்க உங்களைக் கொஞ்சமாவது நினைச்சாங்களா? பசங்க முகத்தைப் பார்த்தாங்களா?”

“விடு, தூங்கு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டான் அவன்.

அவளால் விட முடியவில்லை. மறுநாள் கடையில் சொல்லிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். லீவு கொடுக்கிற அம்மாள் யாரோ, அவர் காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று முடிவு.

நர்ஸ்களின் மேலதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“லீவா? எங்கிட்ட அவங்க கேட்கவே இல்லையே. நானே எத்தனையோ தடவை சொல்லிட்டேன், எங்கேயாவது போய்ட்டு வாங்கன்னு.”

சின்னவள் விருட்டென்று வெளியே வந்தாள். கேட்கவே இல்லை. அப்படியென்றால் இத்தனை நாளும் வாய் கூசாமல் சொன்ன பொய். நம்மோடு வரப் பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று வார்டு வார்டாகத் தேடினாள்.

“ட்யூட்டி முடிஞ்சிருச்சு. பின்பக்க லிஃப்ட் கிட்ட இருப்பாங்க” என்றாள் ஒரு நர்ஸ்.

பின்பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. துணிமூட்டைகள் ஏற்றிய தள்ளுவண்டியைத் தாண்டப் போனபோது லிஃப்ட் கதவு திறந்தது.

வெளியே வந்தது அவள் கணவன். சீருடை முழுக்க வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பெரியவளின் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். வந்ததும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான்.

சின்னவள் வண்டிக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள்.

“மூணு மாடி வந்துட்டீங்க தம்பி. போன வாரம் கதவு மூடறதுக்குள்ளயே வெளியே ஓடினீங்க.”

“இது ஒரு நிமிஷம் அண்ணி. ப்ளேன்ல எத்தனை மணி நேரம்? கதவைச் சாத்தினாலே அந்தக் குடோன்தான் கண்ணு முன்னாடி வருது. புகை, பூட்டின கதவு… அவ்வளவுதான், இனிமே பிள்ளைகளைப் பார்க்க மாட்டேன்னு நினைச்சேன்.”

இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தக் குடோன் நெருப்பைப் பற்றி வீட்டில் அவன் சொன்னதெல்லாம், ‘சின்ன வேலை, சீக்கிரம் முடிஞ்சுது’ என்பதுதான்.

“உங்க பொண்டாட்டிகிட்டயாவது சொல்லுங்களேன். புரிஞ்சுக்குவா.”

“வேண்டாம் அண்ணி. அப்பாவுக்கு எதுக்குமே பயம் கிடையாதுன்னு எம்பொண்ணு ஸ்கூல் பூரா சொல்லி வச்சிருக்கா. கொஞ்ச நாள் போகட்டும்.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “எனக்காக நீங்க பொய் சொல்றீங்க. உங்களையே நான் எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசினேன்…”

“நான்தானே பேசச் சொன்னேன். ஆனா உங்களுக்குத் திட்டவே வரல தம்பி. அடுத்த தடவை கொஞ்சம் கோபமாத் திட்டுங்க. யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது பாருங்க. சரி, தண்ணி குடிங்க. இன்னொரு தடவை ஏறுவோம்.”

லிஃப்ட் கதவு மறுபடியும் மூடியது. சின்னவள் சத்தம் போடாமல் வந்த வழியே திரும்பினாள். வீடு போய்ச் சேரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெரியவள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் பெரியம்மாவாலதான்” என்று ஆரம்பித்தாள் சின்னவளின் மகள். “ஃப்ரெண்ட்ஸ் மூஞ்சில எப்படி முழிக்கிறது? பெரியம்மாவுக்கு நாங்க யாரும் முக்கியமில்ல.”

பெரியவள் தலை நிமிராமல் பரிமாறினாள். தம்பி அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, திட்டுவதற்காக வாயைத் திறந்தான்.

சின்னவள் முந்திக்கொண்டாள்.

“பெரியம்மாவை ஒரு வார்த்தை சொல்லாதே. அவங்களுக்கு லீவு கிடைச்சாச்சு. கடையிலதான் எனக்குத் தர முடியாதுன்னுட்டாங்க. திட்டணும்னா இனிமே என்னைத் திட்டு.”