துல்லியமான குறியீடு

“குரோன்ஸ் நோய், சிறுகுடல்ல புண், ரத்தப்போக்குன்னு ரிப்போர்ட் தெளிவா சொல்லுது. வெறும் குடல் அழற்சின்னு எப்படிங்க குறியீடு போட்டீங்க?” என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் சீறினார் அவர். காப்பீட்டுக்காக நோயாளிகளின் கோப்புகளுக்கு நோய்க்குறியீடு போடுவதில் அந்த ஆஸ்பத்திரியிலேயே அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

“பாவம் சார் அந்தம்மா, எட்டு வருஷமா வலியாம். எல்லாம் நடிப்புன்னு வீட்டுக்காரர் டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போகலையாம்.”

“அவனெல்லாம் ஒரு மனுஷனா?”

நோயாளி எண் மட்டுமே இருந்த அந்த ரிப்போர்ட்டின் குறியீட்டைத் திருத்திவிட்டு, சேர்க்கைப் படிவத்தைத் திறந்தார். அதிலிருந்தது அவருடைய வீட்டு முகவரி. அம்மா வீட்டுக்குப் போவதாக மூன்று நாளைக்கு முன் சொல்லிவிட்டுப் போன மனைவியின் கையெழுத்து.

‘தகவல் தெரிவிக்க வேண்டிய உறவினர்’ என்ற இடத்தில், ‘யாருமில்லை’ என்று எழுதியிருந்தாள்.