ஒரே சாவி

"போயும் போயும் எரிமலைக்குக் கீழ வீடு கட்டுறீங்களே, அது வந்தா என்ன பண்றது?" என்று கல்யாணமான புதிதில் கோதை கேட்டிருந்தாள். "மெதுவாத்தான் வரும். நீ சேலை கட்டி முடிக்கிறதுக்குள்ள வந்துடாது" என்றார் மருதவாணன்.

இப்போது எரிமலைக் குழம்பு அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. அடுத்த தெருவை விழுங்கிவிட்டு, இவர்கள் தெருமுனைப் பூவரச மரத்தை நிதானமாகக் கருக்கிக்கொண்டிருந்தது.

அந்தக் குடியிருப்பில் கிளம்புகிறவர்கள் வீட்டைக் கழுவி, விருந்தாளிக்குத் திறப்பதுபோல் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவார்கள். கோதையும் கழுவினாள், கோலம்கூடப் போட்டாள். ஆனால் பழக்கதோஷத்தில் கதவைப் பூட்டிவிட்டாள்.

"நெருப்புக்குப் பூட்டா? நல்லா இருக்கு" என்று அவர் சிரித்தார். "சாவியக் கொடு, திறந்து வெச்சுட்டு வரேன்."

வெளியே இரண்டு கார்கள் காத்திருந்தன. அப்பா மகன் வீட்டுக்கு, அம்மா மகள் வீட்டுக்கு. மலை புகையத் தொடங்கிய அன்றே பிள்ளைகள் போனில் பேசி முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த வீட்டுக்கு என்றைக்கும் ஒரே சாவிதான். ஒருவர் வெளியே போனால் மற்றவர் வீட்டில் இருப்பார்; இல்லையென்றால் இருவரும் சேர்ந்தே போவார்கள். இன்னொரு சாவி செய்ய அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

கோதை சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். கையை எடுக்கவில்லை. மகன் ஹாரன் அடித்தான்.

"ஏங்க, ஒத்த ரூம் போதும். நாம ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருப்போம்."