பூசையறை வாசலுக்கு மேலே

கொல்லம் ஆண்டு 1110 ஆவணி, காலை. சாலைக் கடைத்தெரு வீட்டுக் கூடத்தில் இருப்பவர்கள் கொப்பரை வியாபாரி நயினார் பிள்ளை, மனைவி உலகம்மை, ஜப்பானில் கோபே நகரத்துக் கடையொன்றில் வேலை பார்க்கும் மகன் அழகியநம்பி, அவன் கூட்டிவந்த மரச்சிற்பி ஒகாமோட்டோ. பூசையறை வாசலுக்கு மேல் பதிக்கவேண்டிய கஜலட்சுமிப் பலகையை அவர் ஊடே வெளிச்சம் வரும்படி துளைத்துச் செதுக்குகிறார். தாமரை இதழ்கள் வெயிலாகப் பிள்ளையின் வேட்டியில் விழுகின்றன. முகப்பு முடிந்து, உளி இப்போது பின்புறத்தில் ஓடுகிறது.

"ஏலே நம்பி, உள்ள இருக்க சாமிகளுக்குத் தாயாரு முதுகையில்லா காட்டிக்கிட்டு இருப்பா? நம்ம குடும்பத்துல எவன் அப்படி நின்னிருக்கான்? இத நான் பதிக்க விடமாட்டேன்."

"பூசையறையிலேருந்து எல்லாரும் ஏன் பின்னாக்க நடந்தே வெளிய வாறீங்கன்னு அவரு கேட்டாருப்பா."

"நீ என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன்."

பிள்ளை எழுந்து பலகையைச் சுற்றிப் போகிறார். அங்கேயும் தாயார் அவரை நேருக்கு நேர் பார்க்கிறாள், மூக்கில் மரத்தூளோடு. உலகம்மை கை கூப்புகிறாள். பிள்ளை இப்புறம் ஒருமுறை, அப்புறம் ஒருமுறை என்று எட்டி எட்டிப் பார்க்கிறார்.

நயினார் பிள்ளை வீட்டில் ஜப்பான்காரன் இரண்டு லட்சுமி செதுக்கினான் என்று சாலைக் கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. பலகை ஒன்று, தாயார் ஒருத்தி. அவளுக்கு முதுகு கிடையாது.