சொந்தத் தயாரிப்பு

"உனக்கு ஜுரம் வந்தா நாற்பத்து மூணு வெப்சைட்டுக்கும் ஜுரம் வருதுண்ணா. இது ஒரு தொழில் நடத்துற லட்சணமா?"

கேட்டுவிட்டுத் தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணன் ஆறிப்போன காப்பியில் படிந்திருந்த ஆடையை விரலால் ஒதுக்கினான். குடிக்கவில்லை.

மூன்று மேசை, மூன்று பேர், ஒரு ஜன்னல். அவ்வளவுதான் அவர்கள் கம்பெனி. வாடிக்கையாளர்கள் தங்கள் தளத்தில் எழுத்தையும் படத்தையும் தாங்களே மாற்றிக்கொள்வதற்கான மென்பொருளை, பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அண்ணன் தனியாக உட்கார்ந்து எழுதினான். அதை நம்பித்தான் தங்கை நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தாள். இன்றும் எல்லாத் தளங்களும் அதில்தான் ஓடுகின்றன. அதன் உள்விவகாரம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

போன மாதம் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு பல் டாக்டரின் தளம் படுத்துவிட்டது. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. தங்கை போனை அவன் காதில் பிடித்துக்கொள்ள, கண்ணைத் திறக்காமலே வரி வரியாகச் சொல்லிச் சரிசெய்தான்.

"ஓப்பன் சோர்ஸ்ல ஒண்ணை எடுத்துக்கலாம்ணே," என்றான் டிசைனர். ஒல்லியாக இருப்பதால் அவனுக்குப் 'பென்சில்' என்று பெயர். "யார் வேணா உள்ள போய்ப் பார்க்கலாம், மாத்தலாம். உலகம் பூரா ஆயிரம் பேர் பராமரிக்கிறாங்க. ஒண்ணு புரியலைன்னா கேட்க ஆள் இருக்கு."

"ஆயிரம் பேர் பார்க்கிறதைத் திருடனும் பார்ப்பான்."

அண்ணனுடையது சண்டை போடுகிற குரல் இல்லை. பாடம் ஒப்பிக்கிற குரல்.

"அதுக்குத்தான் வாராவாரம் ஓட்டையை அடைச்சு அனுப்புறாங்களேண்ணா," என்றாள் தங்கை. "எல்லாத்தையும் மாத்த ஆறு மாசம் ஆகும். நானும் பென்சிலும் பார்த்துக்கறோம். நீ விரலைக்கூட அசைக்க வேண்டாம்."

"உங்க இஷ்டம்."

அவன் எழுந்து ஜன்னலருகே போய் நின்றான். எதிர்க் கட்டடத்தில் ஓர் ஆள் ஏணியில் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் அதையே பார்த்தான். இந்த முதுகு எப்போது இப்படிக் கூனிப்போனது என்று தங்கை யோசித்தாள்.

பென்சில் தொண்டையைக் கனைத்தான். "பேசித் தீராது. சீட்டு எழுதிடுவோம்."

அது அங்கே வழக்கம். எதில் பேச்சு முட்டினாலும் சீட்டுதான். கம்பெனிக்குப் பெயர் வைத்ததும் அப்படித்தான். முடிவு வந்துவிட்டால் மறுபேச்சு கிடையாது.

ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு எழுதினார்கள். தங்கை பேனாவை வைத்துவிட்டு யோசித்தாள். பென்சில் ஓப்பன் சோர்ஸ் என்றுதான் எழுதுவான். அண்ணன் தன்னுடையதை விட்டுக்கொடுக்க மாட்டான். ஆக, அவள் சீட்டுதான் முடிவு. காலையிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியது அவள்தான். ஆனால் ஒருவன் பாதி ஆயுளைப் போட்டு வளர்த்ததை ஒரு துண்டுக் காகிதத்தால் கொல்வதா? 'நம்முடையது' என்று எழுதி மடித்தாள்.

பென்சில் ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"நம்முடையது."

"ஓப்பன் சோர்ஸ்."

"நம்முடையது."

"நீ ஜெயிச்சிட்டண்ணா!" தங்கைக்குக் கண் கலங்கியது. பென்சிலின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "நீ ஒருத்தன்தாண்டா கல்நெஞ்சக்காரன்."

"நானாக்கா? அண்ணன் நின்ன நிலையைப் பார்த்துட்டு நான் நம்முடையதுன்னுதான் எழுதினேன். நீங்கதானே..."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

அண்ணன் நாற்காலியில் போய் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டிருந்தான்.

"போதும்னு நானா சொல்ல வாய் வரலை," என்றான். "நீங்க இதை என் கையிலேர்ந்து பிடுங்கிப் போட்டுடுவீங்கன்னு நம்பியிருந்தேன்."