தண்டமில்லாத தவணை

“ஏலத்திலை போனாப் போகட்டும், மிஸ். வீட்டைக் குடுத்திட்டு வெளிக்கிடுறம். இனி என்னாலை ஏலாது.”

அருளப்பு தலை நிமிராமலே சொன்னார். தாழ்வுபாட்டுக் கரையில் வள்ளம் வைத்துத் தொழில் செய்பவர். மனைவி மேரி ரோஸ் வற்புறுத்தி இழுத்து வந்ததால்தான் மன்னாரிலுள்ள இந்த வேறு வங்கிக்கு வந்திருந்தார். பக்கத்துக் கதிரையில் அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

கடன் பகுதிக்குப் பொறுப்பான மரியம், “ஏன் அண்ணன் தவணை தவறினது?” என்று கேட்டாள்.

“கச்சான் காத்து அடிச்சா வள்ளம் கரையிலைதான். வீடு வாங்கக் கடன் தந்த வங்கிக்கு எல்லா மாசமும் ஒரே காசு வேணும். மீன் பட்ட மாசம் கூடக் கொண்டுபோய்க் கட்டினன். அதுக்கும் தண்டம் போட்டாங்கள்.”

மேரி ரோஸ் முகத்தைத் துடைத்தாள். “இருபது வருசம் இந்தியாவிலை முகாமிலை கிடந்திட்டு வந்து வாங்கின வீடு, மிஸ். என்ரை பிள்ளையள் முதல்முதலாக் கதவைப் பூட்டிப் படுத்தது அதுக்குள்ளைதான்.”

மரியம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அந்தக் கடனை நாங்கள் பொறுப்பெடுக்கலாம். ரெண்டு திட்டம் இருக்கு. ஒண்டிலை வட்டி குறைவு. ஆனா தவணையைக் கூட்டிக் குறைக்கேலாது, முந்திக் கட்டினாத் தண்டம். மற்றதிலை வட்டி கொஞ்சம் கூட. தவணை சின்னது. மீன் பட்ட மாசம் எவ்வளவும் கூடக் கட்டலாம். அது கடன் முதல்தொகையிலை கழியும். தண்டம் இல்லை.”

“வட்டி குறைஞ்சதையே தாங்கோ.”

“வேண்டாம் அண்ணன்!” அவள் குரல் உயர்ந்துவிட்டது. “அதை எடுத்தா அடுத்த கச்சானுக்குத் திரும்பவும் ஏலம்தான். கடல் உங்களுக்கு மாசச் சம்பளமே தருது?”

அருளப்பு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

“கூடக் கூடக் கட்டினாக் கெதியா முடியுமோ?”

“முடியும். வீட்டு உறுதிப் பத்திரம் உங்கடை கைக்கு வந்திடும். பிறகு ஒருத்தரும் உங்களை அங்கையிருந்து எழுப்பேலாது.”

இரண்டாவது திட்டத்துக்கான விண்ணப்பத்தில் இருவரும் கையெழுத்து வைத்தார்கள். புறப்படும்போது மேரி ரோஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “மருதமடு மாதாதான் உங்களைக் காட்டினவ.”

மரியம் வாசல் வரை கூடவே போனாள்.

அவர்கள் படியிறங்கிய பின் தொலைபேசி அடித்தது. புத்தளத்திலிருந்து தங்கை ஹிதாயா.

“ராத்தா, ஏலம் எப்பவாம்? நாங்க காசு சேத்துட்டம். உம்மா சாமானும் கட்டத் தொடங்கிட்டா.”

“ஏலம் நடக்காது. அவங்க என்னட்டத்தான் கடன் கேட்டு வந்தாங்க. சிபார்சு எழுதிட்டன்.”

“ஏலாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, ராத்தா!”

“சொல்லியிருக்கலாம்” என்றாள் மரியம். “வாப்பா கட்டி, அகதியாப் போன இடத்திலை இருந்து அரை விலைக்கு வித்த வீடுதான். எண்டாலும், தொண்ணூறிலை முஸ்லிம்களை வெளியேத்தினப்ப நாங்க அழுதுகொண்டு வெளிக்கிட்ட அதே வாசலால இன்னொரு குடும்பத்தை வெளிக்கிடச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை, ஹிதாயா.”